முதலில் சொன்ன காரணம்

மற்றவர்கள் சொன்னதைப் படித்து எண் போடுவது என் வேலை. பதினொரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். தேர்தல் நெருங்கினால் எங்கள் கருத்துக் கணிப்பு நிறுவனத்தின் ஆட்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார்கள். முதல் பதினாறு கேள்விகளுக்கு டிக் அடித்தால் போதும். பதினேழாவது கேள்விக்கு மட்டும் மக்கள் சொந்த வாயால் பதில் சொல்ல வேண்டும்: ‘சட்டமன்றத் தேர்தலில் உங்கள் ஓட்டைத் தீர்மானிக்கும் காரணம் எது?’ சொன்னதைச் சொன்னபடியே படிவத்தில் இரண்டு கோட்டில் எழுதி வருவார்கள். நான் அதைப் படித்து, ஓரத்தில் இருக்கும் கட்டத்தில் ஒரே ஒரு எண்ணைப் போடுவேன்.

ஒன்று, போர். இரண்டு, விலைவாசி. மூன்று, உள்ளூர்ப் பிரச்சினை. நான்கு, வேட்பாளர். ஐந்து, கட்சி. ஒன்பது, மற்றவை. ஆறும் ஏழும் எட்டும் எங்கே போயின என்று புதிதாக வேலைக்குச் சேருகிற எல்லாரும் கேட்பார்கள். சேர்ந்த புதிதில் நானும் கேட்டேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவருக்கும் தெரியவில்லை, அவரும் கேட்டிருக்கிறாராம்.

அலுவலகம் ஒரு டயர் கடையின் மாடியில் மூன்று அறை. வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும் ரப்பர் வாடை போகாது. மேலாளரை நாங்கள் சதவீதம் என்போம். மனைவிக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டாலும் ‘எழுபது சதவீதம் சரியாயிடுச்சு’ என்பார். நல்ல மனிதர்தான், எண்ணில்லாமல் எதையும் அவரிடம் சொல்ல முடியாது என்பதைத் தவிர.

எனக்கு ஒரு பெருமை உண்டு. அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் விதி நான் எழுதியது. மக்கள் ஒரு காரணத்தோடு நிறுத்த மாட்டார்கள். விலைவாசி என்று ஆரம்பித்து, ரோட்டுக்குப் போய், மச்சானுக்கு வேலை கிடைக்காத கதையில் வந்து முடிப்பார்கள். கட்டம் ஒன்றுதான். அதற்காக நான் எழுதினேன்: ‘ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் சொன்னால், முதலில் சொன்னதே காரணம்.’ மனத்தில் மேலே இருப்பதுதான் வாயில் முதலில் வரும் என்று விளக்கமும் கொடுத்திருந்தேன். சதவீதம் அதை டைப் அடித்துப் பசை தடவி ஒட்டினார். ஏழு வருடமாக ஒருவரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

எங்கள் நாட்டில் போர் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எல்லை வெகுதூரம், குண்டுச் சத்தம் எங்கள் ஊருக்குக் கேட்காது. ஆனால் நெட்டையன் போயிருந்தான். என் அக்காவின் ஒரே மகன். அக்காவின் வீட்டுக்காரர் இவன் நடை பழகும்போதே போய்விட்டார், நான் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை, ஆக நாங்கள் மூவரும் ஒரே வீடு, இரண்டாவது மாடி. இருபத்து மூன்று வயதில் அவன் ஆறடி இரண்டு அங்குலம். அந்த உயரத்துக்குப் பதுங்குகுழி தோண்டியவன் எவன் என்று தெரியவில்லை, வலது முழங்காலில் இரும்புத் துண்டு பாய்ந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். துண்டை எடுத்துவிட்டார்கள், கால் மட்டும் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. ராணுவ மருத்துவமனைக் கடிதத்தில், முழங்கால் குணமாகும் வரை வீட்டில் இருக்கலாம் என்று எழுதியிருந்தது.

வாரம் மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தால் கால் மடங்கும், நான்கு மாதம் விட்டுவிட்டால் பிறகு ஆயுசுக்கும் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் தெருவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரே பஸ் பன்னிரண்டாம் நம்பர். அந்த வழித்தடத்தில் ஓடிய நாலு பஸ்ஸையும் சிப்பாய்களை ஏற்றிப் போக ராணுவம் எடுத்துக்கொண்டது. டாக்சிக்குப் பெட்ரோல் இல்லை. ஆறு கிலோமீட்டர். இரண்டு தடவை அக்கா அவனைத் தோளில் சாய்த்துப் பாதி தூரம் கூட்டிப்போய்த் திரும்பி வந்தாள். அவள் அவன் மார்பளவுதான் இருப்பாள்.

தேர்தலுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஆளும் கட்சி எங்களிடம் கணிப்பு கேட்டது. எங்கள் தொகுதியும் பட்டியலில் இருந்தது. அக்காவுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது.

"நம்ம ஏரியா ஃபார்ம் எல்லாம் உன் கைக்குத்தானே வரும்?" என்று துணி மடித்தபடியே கேட்டாள்.

"வரும்."

"பஸ்ஸு பஸ்ஸுன்னு போட்டு விட்டுடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

"உன் நேர்மையை வெச்சுக்கிட்டு இவன் நொண்டணுமா?"

"தெருவுல எல்லாருக்கும் பஸ்தான் பிரச்சினைன்னா அதுவே தானா வரும்க்கா. நான் ஒண்ணும் போட வேண்டியதில்ல. அதுக்குத்தானே கணிப்பு."

சோபாவில் காலை நீட்டிக் கிடந்த நெட்டையன் சொன்னான், "விடும்மா. இப்ப என்ன அவசரம்? எனக்கு இப்படியே சௌகரியமாத்தான் இருக்கு."

"வாயை மூடுறா சோம்பேறி" என்றேன் நான். இதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

எங்கள் தொகுதியிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் வந்தன. இரண்டு நாளில் முடித்தேன். ஒரு நாளைக்கு இருநூறு போட்டால் சொற்கள் கண்ணில் படும், மண்டைக்குள் போகாது. முதல் சொல்லைப் பார், எண்ணைப் போடு, புரட்டு. முடிவைக் கூட்டியபோது எனக்கே ஆச்சரியம்: போர், அறுபத்து மூன்று சதவீதம். உள்ளூர்ப் பிரச்சினை பதினொன்று. எங்கள் தெருக்காரர்களுக்கு இவ்வளவு தேச சிந்தனை இருந்ததா என்று நினைத்தேன். மனிதர்களை அவ்வளவு சுலபமாக எடை போட்டுவிட முடியாது என்று எனக்கு நானே பாடம் வேறு சொல்லிக்கொண்டேன்.

சதவீதம் அறிக்கையைக் கட்சி அலுவலகத்துக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். கட்சிக்கு ஒரு கணக்கு இருந்தது. போர் ஐம்பதைத் தாண்டிய தொகுதியில் போரைப் பேசு. உள்ளூர்ப் பிரச்சினை ஐம்பதைத் தாண்டினால் அதைச் சரிசெய்து கொடு. பத்தே நாளில் எங்கள் தெரு முனையில் இருந்த ‘கழிவுநீர்க் கால்வாய் விரைவில்’ என்ற பலகை போய், பீரங்கிப் படம் வந்தது. ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவர், மீசையே ஒரு முழம் இருக்கும், பள்ளிக்கூட மைதானத்தில் பேச வந்தார். ஆயிரம் நாற்காலி போட்டிருந்தார்கள். எள் போட்டால் எள் விழும், பூசணிக்காய் போட்டாலும் தரையில்தான் விழும். மொத்தம் நாற்பது பேர். அதில் பன்னிரண்டு பேர் நாற்காலி வாடகைக்காரரின் ஆட்கள்.

அக்கா போயிருந்தாள். எம்.எல்.ஏ. வந்தால் பஸ்ஸைப் பற்றிக் கேட்கலாம் என்று போனவள், காளி மாதிரி திரும்பி வந்தாள்.

"ரெண்டு மணி நேரம் டாங்கி எப்படி ஓடுதுன்னு சொல்றான். டாங்கியைக் கேட்டது யாரு? நம்ம தெருவுல ஒருத்தனாவது கேட்டிருப்பானா? மக்கள் மனசுல போர்தான் இருக்குன்னு கணக்கெடுத்தாங்களாம். எந்த மடையன் எடுத்தான் அந்தக் கணக்கை?"

நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவின டம்ளர்தான்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரரான மாடிவீட்டுக்காரர் கதவைத் தட்டினார். எங்கள் குளியலறைக் குழாய் ஒழுகிக் கீழ்வீட்டுச் சுவர் ஈரமாவதாக அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "போர் ஒரு பக்கம் இருக்கட்டும்மா, அந்தக் குழாயைக் கொஞ்சம் பாருங்க" என்றார்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

போர் ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு வருடமாக எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லையில் செத்துக்கொண்டிருக்கும்போது, என் வீட்டுக் குழாய், என் பல்வலி என்று எடுத்த எடுப்பில் ஆரம்பிக்கக் கூச்சம். அதனால் முதலில் போருக்கு ஒரு மரியாதை செய்துவிட்டுத்தான் தன் குறைக்கு வருவார்கள். தையல்காரர் ரவிக்கை தாமதமானதற்கு அப்படித்தான் ஆரம்பித்தார். போன வாரம் பல் டாக்டரிடம் நானே அப்படித்தான் ஆரம்பித்தேன்.

மறுநாள் விடிந்தவுடன் அலுவலகத்துக்குப் போய்ப் படிவக் கட்டைப் பிரித்தேன். ‘போர் ஒரு பக்கம் இருக்கட்டும், பன்னிரண்டாம் நம்பர் வருவதில்லை.’ ஒன்று. ‘போர் நடக்கிற நேரத்தில் சொல்லக் கூடாது, ஆனால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது?’ ஒன்று. ‘போரைப் பற்றி நமக்கென்ன தெரியும், பஸ் வேண்டும்.’ ஒன்று. எல்லாம் என் கையெழுத்து. நல்ல, தெளிவான ஒன்றுகள்.

சதவீதத்தின் மேஜையில் படிவங்களைப் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த விதியை நிமிர்ந்து பார்த்தார்.

"விதிப்படி சரிதானே?" என்றார்.

"விதிப்படி சரி சார். ஆனா தப்பு."

"எவ்வளவு தப்பு?"

"அம்பது சதவீதத்துக்கு மேல."

அந்த மொழியில் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் எங்கள் நல்ல காலம், காலியான ஆயிரம் நாற்காலிக்கு விளக்கம் கேட்டுக் கட்சியிலிருந்து காலையில்தான் போன் வந்திருந்தது. விளக்கம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு நான் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். சாயங்காலத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டையும், இந்தத் தடவை இரண்டு கோட்டையும் முழுதாகப் படித்து, திரும்பப் போட்டேன். உள்ளூர்ப் பிரச்சினை அறுபத்தாறு. அதில் முக்கால்வாசி பஸ். ‘திருத்திய பதிப்பு’ என்று மேலே அச்சடித்து அனுப்பினார்.

மூன்றாவது வாரம் பன்னிரண்டாம் நம்பர் வந்தது. முன்கண்ணாடியை மறைக்கிற அளவுக்கு எம்.எல்.ஏ. படம் கட்டியிருந்தது, ஓட்டுநர் அவர் தோள்பட்டைக்கும் காதுக்கும் நடுவே எட்டிப் பார்த்து ஓட்டினார். தெருவே வாசலில் நின்று கைதட்டியது. அன்று அக்காவிடம் உண்மையைச் சொன்னேன், மடையன் யார் என்பது உட்பட. அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், பிறகு அதே இடத்தில் முத்தம் கொடுத்தாள். என் வாழ்க்கையில் நான் போட்ட எண் ஒன்று, காகிதத்தை விட்டு வெளியே வந்து ஓடியதை அன்றுதான் பார்த்தேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நெட்டையன் படிக்கட்டில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினான். "தேங்க்ஸ் சித்தி" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

பயிற்சி அறையில் ஒரு டாக்டரம்மா, இரண்டு சட்டத்தை ஆணியில் கோத்த அளவுகோலை முழங்காலில் வைத்து எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்ப்பார். முதல் நாள் பதினைந்து. அக்கா வீட்டுக்கு வந்து காலண்டரில் எழுதினாள். இரண்டு வாரத்தில் முப்பது. பிறகு நாற்பத்தைந்து. எண் என்றால் நான் சும்மா இருப்பேனா? கட்டம் போட்ட தாளில் கோடு வரைந்தேன். கோடு மேலே ஏறிக்கொண்டே போனது, இவ்வளவு அழகான கோட்டை நான் எந்தத் தேர்தலிலும் பார்த்ததில்லை.

"நாப்பத்தஞ்சு போதாதா சித்தி?" என்றான் ஒரு நாள். "சோபால உக்கார நாப்பத்தஞ்சு தாராளம்."

"தொண்ணூறு வராம உன்னை விட மாட்டேன்."

"தொண்ணூறு வந்தா?"

"வந்தா எழுந்து ஓடு. யார் வேணாம்னாங்க?"

அவன் சிரித்தான். அக்காவும் சிரித்தாள். டாக்டரம்மாவிடம் என் தாளைக் காட்டியபோது, இவ்வளவு சுத்தமாக யாரும் வைத்துக்கொள்வதில்லை என்று பாராட்டி, அவனுடைய கோப்பிலேயே சேர்த்துக்கொண்டார். அன்று நான் நாலு பேரிடம் அதைச் சொன்னேன்.

தொண்ணூற்றைந்து வந்த வாரத்தில் ராணுவ மருத்துவக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி அனுப்பிய அவன் கோப்பை மூன்று பேர் பார்த்தார்களாம். தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்கினால் பணிக்குத் தகுதி. பத்து நாளில் படைப்பிரிவில் சேர வேண்டும். கடிதத்தின் பின்னால், முன்னேற்றத்துக்குச் சான்றாக, என் கோட்டின் நகலை இணைத்திருந்தார்கள்.

"குணமாகிற வரைக்கும்னுதானே அப்பவே எழுதியிருந்தாங்க" என்று அக்கா சொன்னாள். குரல் உயரவில்லை. "நம்ம யாருமே அதை முழுசாப் படிக்கல."

படிப்பது என் தொழில். அதை அவள் சொல்லவில்லை.

"நீ படிச்சிருந்தே, இல்லடா?" என்று நெட்டையனிடம் கேட்டேன்.

"படிச்சேன்."

"பின்ன ஏண்டா சொல்லல?"

"அம்மா தினம் காலண்டர்ல எழுதுறதைப் பாத்தேன். எப்படிச் சொல்றது?"

அவன் ரயில் நிலையத்துக்குப் பன்னிரண்டாம் நம்பரில்தான் போனான். ஆஸ்பத்திரியைத் தாண்டி நாலாவது நிறுத்தம். ஜன்னலோர இருக்கையில், முழங்காலை நன்றாக மடக்கி உட்கார்ந்திருந்தான். முன்பெல்லாம் அந்த இருக்கையில் அவனால் உட்கார முடியாது. நானும் அக்காவும் வாசலில் நின்றோம். பஸ் சரியான நேரத்துக்கு வந்தது, சரியான நேரத்துக்குப் போனது. அதற்குப் பிறகு அக்கா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சோறு போட்டாள், உப்பு போதுமா என்று கேட்டாள், அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த மாதம் தேர்தல். ஓட்டு நாளன்று எங்களுக்கு ஆள் பற்றாக்குறை. சதவீதம் என்னையும் களத்துக்கு அனுப்பினார், அதுவும் எங்கள் தெருப் பள்ளிக்கூட வாசலுக்கே. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருபவர்களில் ஒவ்வொரு ஏழாவது ஆளையும் நிறுத்திக் கேட்க வேண்டும். நமக்குப் பிடித்த முகமாகப் பார்த்துக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏழு. கேள்வி ஒன்றுதான், பழைய பதினேழாவது. விதியையும் மாற்றியிருந்தோம்: முழுதாகக் கேள், முழுதாக எழுது, அதன் பிறகு எண் போடு.

வாசலில் நின்று கேட்கும்போது மக்கள் வேறு மாதிரி இருந்தார்கள். ஒருவர் பஸ் வந்ததால் எம்.எல்.ஏ.வுக்குப் போட்டேன் என்றார். ஒரு அம்மாள், பஸ்ஸைக் கொடுத்தவன் அதை முதலில் ஏன் எடுத்தான் என்று கேட்டு, எதிராகப் போட்டேன் என்றாள். இரண்டு பதிலுக்கும் எண் மூன்றுதான். ஒரு கிழவர் போர் என்றார், ஒரே சொல், அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் போனார். அவருக்கு ஒன்று போட்டேன்.

பதினொரு மணிக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு, மீன் கடைக்காரர். ஐந்து, அவர் மனைவி. ஆறு, மாடிவீட்டுக்காரர். ஏழு, என் அக்கா.

விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பிடித்திருக்கலாம். பதினொரு வருடத்தில் நான் ஓர் ஆளைத் தாண்டியதில்லை. அதுவும் இப்போது, இவளைத் தாண்டினால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்று பட்டது.

"அக்கா" என்றேன். "ஒரு கேள்வி."

நின்றாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். நான் படிவத்தைப் பார்த்தே படித்தேன்: "இந்தத் தேர்தலில் உங்கள் ஓட்டைத் தீர்மானித்த காரணம் எது?"

"உங்கள்" என்று சொன்னதற்கு அவள் ஒரு தரம் என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு தபால் அட்டையை எடுத்து என் அட்டைப்பலகையின் மேல் வைத்தாள். ராணுவத் தபால். நெட்டையனின் கோணல் எழுத்து.

"காலையில வந்துச்சு. வாயால சொல்ல எனக்கு வரல. அதுல இருக்கிறதை எழுதிக்க."

படித்தேன். இந்தத் தடவை முழுதாகத்தான் படித்தேன், அதில் இருந்தது மூன்று வரிதான். ‘அம்மா, முழங்கால் நன்றாக மடங்குகிறது. இங்கே பாதி நேரம் மண்டியிட்டே இருக்க வேண்டியிருக்கிறது, ஒரு கஷ்டமும் இல்லை. சித்தியிடம் சொல்.’

"எழுதிட்டியா?" என்றாள்.

சொன்னதைச் சொன்னபடியே, இரண்டு கோட்டில் எழுதினேன். இடம் போதவில்லை, கடைசி வரி ஓரத்தில் மடங்கி ஏறியது. அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, என் கன்னத்தைக் கையால் ஒரு தடவை தொட்டுவிட்டு, அவள் வீட்டுப் பக்கம் நடந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு மாதமாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எதுவும் என் வாயில் வரவில்லை.

கட்டம் காலியாக இருந்தது. முழங்காலுக்கு எங்களிடம் எண் கிடையாது. ஒன்பது போட்டேன், மற்றவை.

அடுத்த ஏழாவது ஆள் வரும்வரை எனக்கு வேலை இல்லை. நின்ற இடத்திலேயே நின்று அழுதேன். ஆறு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள்.